யார் தூக்குவது, எப்போது: கடலூர், சிதம்பரம் பகுதியில் பேரிடரும் முதியோரும்

கடலூர் மாவட்டம் ஆறுகள் வந்து முடியும் நிலம். வடக்கே தென்பெண்ணையும் கெடிலமும் கடலூர் நகரை ஒட்டிக் கடலில் கலக்கின்றன. பரவனாறு கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. தெற்கெல்லையில், காவிரியின் உபரி நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கொள்ளிடம் ஓடுகிறது. இடையில் வீராணம், பெருமாள் ஏரி போன்ற பெரிய நீர்நிலைகள். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில், குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் நிலம் பெரும்பாலும் தாழ்வு என்பதால், மேற்கே எங்கோ பெய்த மழையும் இங்கே வந்துதான் வடிய வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்த வடிகாலும் அடைபட்டுப் போகிறது.

இந்த மாவட்டத்துக்கு ஆபத்து கடலிலிருந்தும் வருகிறது, வானிலிருந்தும் வருகிறது, தொலைதூர அணையிலிருந்தும் வருகிறது. ஒவ்வொன்றும் கொடுக்கும் அவகாசம் வேறு. ஓடத் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. திண்ணையிலிருந்து எழுந்து வாசலுக்கு வரவே ஒருவர் கைகொடுக்க வேண்டிய முதியவருக்கு அதுதான் எல்லாம். எந்த ஆபத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், அதற்குள் அவரை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோவது என்ற கேள்விகளுக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே விடை இருக்கும் வீட்டில்தான் மற்ற ஏற்பாடுகளுக்குப் பொருள் உண்டு.

அவகாசத்தின் கணக்கு

இன்று எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கரையின் முதல் பெரிய நினைவு 1972 டிசம்பரில் கடலூர் அருகே கரை கடந்த கடும்புயலாக இருக்கலாம். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும் வானொலிச் செய்தியுமே எச்சரிக்கை. கூண்டின் எண் 1 முதல் 11 வரை ஏறும். 10 என்றால் பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போனது. மீனவக் குப்பங்களில் இன்றும் பெரியவர்கள் புயலின் கடுமையைக் கூண்டு எண்ணால்தான் அளக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிறன்று வந்த சுனாமிக்கு அந்தக் கூண்டு எந்த எண்ணையும் காட்டவில்லை. இந்திய நேரப்படி காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் அலை தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் தொடங்கிப் புதுக்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு வரை ஏறியது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிக் கரையில் இருந்த எவருக்கும் தகவல் இல்லை. ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல் தொடங்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது கரையோர மக்கள் அலைக்கு முன்பே வெளியேறினர். அன்று பெரிய அலை வரவில்லை. ஆனாலும் வெளியேறியது சரியே. சுனாமியைப் பொறுத்தவரை அவகாசம் மணிக் கணக்குதான். அதற்குள் வெளியூரில் இருக்கும் மகன் வந்து சேர முடியாது. தெருவில் இருப்பவர்தான் தூக்க வேண்டும்.

'தானே' புயல் வேறு வகை. 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. அது வருவது நாட்கணக்கில் முன்பே தெரியும். ஆனால் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த அந்தக் காற்று மின்கம்பங்களையும் சாய்த்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. முதியவர்களுக்கு அந்தப் புயலின் கடுமையான பகுதி காற்று நின்ற பிறகுதான் தொடங்கியது.

2015 நவம்பர் 9, தீபாவளிக்கு முந்தைய நாள். நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துச் சென்றது. இதற்குக் கிடைத்த அவகாசம் நிமிடங்கள். 2020 டிசம்பரில் வந்த 'புரெவி'யோ இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. மழை மட்டும் வெகு வடக்கே சிதம்பரத்தில் பெய்தது. ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல். நடராசர் கோயில் பிரகாரத்திலேயே தண்ணீர் நின்றது. வரைபடத்தில் புயல் தொலைவில் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் அன்று ஏமாந்தார்கள்.

2024-இல் வந்த 'ஃபெஞ்சல்' இன்னொரு பாடம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. தொலைக்காட்சியில் 'புயல் கரை கடந்தது' என்ற செய்தி வந்ததும் பல வீடுகளில் மூட்டையை அவிழ்த்திருப்பார்கள். அந்தப் புயல் நிலத்தின் மேலேயே நகராமல் நின்று மழையைக் கொட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கடலூர் நகரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது காற்று அடங்கிய பிறகுதான். ஆற்றோரத்தில் இருக்கும் முதியவரைப் புயலுக்காக வெளியேற்றிவிட்டு, கரை கடந்த மறுநாளே திரும்பக் கூட்டி வருவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட முதியவர்களை நம்பவைக்கக் கடினமானது கொள்ளிட வெள்ளம். அது ஆடி, ஆவணியில் வரும். மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் அதை முக்கொம்பு மேலணையிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடத்துக்கும் புதிய கொள்ளிடத்துக்கும் நடுவே தீவுகளாகக் கிடக்கும் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற ஊர்கள் 2018-இலும் 2022-இலும் 2024-இலும் இப்படித்தான் மூழ்கின. வானத்தில் மேகம் இராது. நல்ல வெயில் அடிக்கும். ஆனாலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும். நன்மை ஒன்றுண்டு: மேட்டூரில் திறந்த நீர் இங்கே வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த ஒரு நாளை வீணாக்காமல் இருப்பது முதியவர் இருக்கும் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

முதுமை ஏன் ஆபத்தைப் பெருக்குகிறது

பேரிடரில் இறப்பு எல்லா வயதினரிடமும் சமமாகப் பரவுவதில்லை. 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி தாக்கியபோது இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2005-இல் 'கத்ரீனா' சூறாவளிக்குப் பலியானோரில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயதை எட்டியவர்கள். 1991-இல் வங்கதேசத்தைத் தாக்கிய புயலுக்குப் பின் நடந்த ஆய்வில் குழந்தைகளுக்கு அடுத்தபடியாக நாற்பது வயதைக் கடந்த பெண்கள் மிகுதியாக இறந்திருந்தனர். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை.

காரணங்கள் உடலில் தொடங்குகின்றன. முட்டி தேய்ந்தவர் இடுப்பளவு நீரில் எதிர்நீச்சல் போட முடியாது. காது மந்தமானவருக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும் அறிவிப்பு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். மழைச் சத்தத்தில் அதுவும் கேட்காது. கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதம் வெள்ளத்தில் கிடக்கும் தகரத்தையும் முள்ளையும் உணராது; புண் தெரியவரும்போது அது சீழ் வைத்திருக்கும். தாகமும் குளிரும்கூட முதிய உடலுக்குத் தாமதமாகவே தெரியும்.

அடுத்த காரணம் குடும்பத்தின் அமைப்பு. சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் அதைவிட ஏராளம். வீடு மெத்தை வீடாகியிருக்கும், கண்காணிப்புக் கேமராகூட இருக்கும். உள்ளே இருப்பது எழுபத்தைந்து வயதுத் தாயும் எண்பது வயதுத் தந்தையும். தமிழ்நாட்டின் மக்கள் தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பிலேயே பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டனர். கேரளத்துக்கு அடுத்து முதியோர் பங்கு மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று.

மறுப்பும் அதன் காரணமும்

வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று முதியவர் சொல்வதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. 'எத்தனை புயல பாத்துட்டேன், இது என்ன செஞ்சிடும்' என்ற பேச்சு இந்தக் கரையில் எல்லாக் குப்பத்திலும் கேட்கக்கூடியது. அவர் பொய் சொல்லவில்லை. 1972-ஐயும் 'தானே'யையும் அதே வீட்டில் இருந்து தாண்டியவர் அவர். 2018 நவம்பரில் 'கஜா' கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரை கடக்கும் என்று அறிவித்தார்கள். கடைசியில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே போனது. வராத புயலுக்காக ஒருமுறை முகாமில் கிடந்தவர் அடுத்தமுறை தயங்குவது இயல்பு. ஆனால் அவர் கண்ட புயல்களின்போது அவருக்கு வயது குறைவு. வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். புயல் மாறவில்லை என்றாலும் அவர் மாறியிருக்கிறார். இதைச் சொல்ல வேண்டியவர் அவர் மதிக்கும் ஒருவர்: மூத்த மகளோ, ஊர்ப் பெரியவரோ, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரோ. எச்சரிக்கை வந்த இரவில் தொலைபேசியில் கத்துவதால் யாரும் இடம் பெயர்ந்ததில்லை.

சொல்லப்படாத காரணங்களும் உண்டு. பரணில் இருக்கும் பத்திரம், கொட்டிலில் கட்டியிருக்கும் மாடு, இரண்டு ஆடு. எல்லாவற்றுக்கும் மேல் கழிப்பறை. முகாம் என்றால் பள்ளிக்கூடம் அல்லது கல்யாண மண்டபம். அங்கே நூறு பேருக்கு நடுவில், குந்தி உட்கார முடியாத ஒரு மூதாட்டி, இருட்டில் நனைந்த தரையில் நடந்துபோய்த் திரும்ப வேண்டும். இந்த வெட்கத்தாலும் அச்சத்தாலுமே பலர் வெள்ளம் சூழ்ந்த வீட்டில் கட்டிலின் மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். முகாமுக்கு வந்துவிட்டவர்களோ தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர் மாத்திரை சாப்பிடுபவர் இப்படிச் செய்தால் சிறுநீரகம் இரண்டு நாளில் சோர்ந்துபோகும். நடுவில் ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் கமோடு நாற்காலி, ஒரு வாளி, மறைப்புக்கு இரண்டு பழைய புடவை ஆகியவை உடன் வரும் என்று முன்கூட்டியே சொன்னால் மறுப்பில் பாதி கரைந்துவிடும். ஆடு மாடுகளை யார் அவிழ்த்து மேட்டில் கட்டுவது என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டால் மீதியும் தளரும்.

எப்போது நகர்த்துவது

இந்திய வானிலை ஆய்வு மையம் புயலைப் பற்றி நான்கு கட்டங்களாக அறிவிக்கிறது: ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் ஒரு முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள் நிற விழிப்பூட்டல், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு நிற எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்த பின் ஏற்படும் நிலைமையையும் சேர்த்துச் சொல்லும் சிவப்பு அறிவிப்பு. நிர்வாகம் பெரும்பாலும் ஆரஞ்சுக்குப் பிறகே மக்களை வெளியேற்றுகிறது. நடக்க முடிந்தவர்களுக்கு அது போதும். முதியவருக்குப் போதாது. மஞ்சள் கட்டத்திலேயே, பேருந்தும் ஆட்டோவும் ஓடும்போதே, பகல் வெளிச்சத்தில் அவர் இடம் மாறியிருக்க வேண்டும். இரண்டு நாள் வீணாக உறவினர் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் என்ன நட்டம் என்பதை, அவர் வெள்ளத்தில் சிக்கிக்கொள்வதோடு ஒப்பிட்டாலே இதன் நியாயம் விளங்கும்.

கொள்ளிடக் கரையிலும் வீராணத்தின் வடிகால் பாதையிலும் இருப்பவர்களுக்கு வானிலைச் செய்தியைவிட நீர் திறப்புச் செய்தியே முக்கியம். மேட்டூரில் எவ்வளவு திறக்கிறார்கள், முக்கொம்பில் எவ்வளவு கொள்ளிடத்துக்கு வருகிறது, வீராணத்தின் மட்டம் அதன் முழு அளவான 47.5 அடிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பவை நாளிதழ்களில் அன்றாடம் வரும் செய்திகள். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்கு அதேபோல் சாத்தனூர். சிங்கப்பூரில் இருக்கும் மகனும் இவற்றைக் கைப்பேசியில் பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களைவிட அவருக்கே முதலில் தெரிவதும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

யார், எங்கே, எப்படி

ஒவ்வொரு முதியவருக்கும் பெயர் குறித்த இரண்டு பேர் வேண்டும். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுந்து நடக்க முடியாத ஒருவரை ஒற்றை ஆள் வெள்ளத்தில் சுமப்பது இருவருக்குமே ஆபத்து. மேலும், குறித்த நாளில் ஒருவர் வெளியூர் போயிருக்கலாம். அந்த இருவரும் நடந்து வரும் தொலைவில் இருக்க வேண்டும். உறவாக இருப்பது கட்டாயமில்லை. எதிர்வீட்டுப் பால்காரர், தெரு முனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர், குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் இளைஞர் எனப் பொருத்தமானவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அவர்களிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வீட்டுச் சாவியின் ஒரு பிரதியும் மருந்து டப்பா இருக்கும் இடமும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரை மாதம் ஒருமுறை கூப்பிடும் பிள்ளைகள் இந்த இருவரையும் ஆண்டுக்கு இருமுறையாவது கூப்பிட்டுப் பேசுவது நல்லது.

தூக்கும் முறையும் கற்றுக்கொள்ள வேண்டியதே. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்காரவைத்து, துணியால் மார்பைச் சுற்றிக் கட்டி, முன்னும் பின்னும் இருவர் பிடித்துத் தூக்குவது பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. படுத்தே இருப்பவரை நாடாக்கட்டிலோடு நான்கு பேர் தூக்கலாம். அக்குளில் கைகொடுத்து இழுப்பது கூடாது. எலும்பு தேய்ந்த தோள் அதிலேயே நழுவும், முறியவும் கூடும். மழையில்லாத ஒரு மாலையில் வாசலிலிருந்து தெருமுனை வரை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் எந்தக் கதவு குறுகல், எந்தப் படி வழுக்கல் என்பது தெரிந்துவிடும்.

எங்கே என்பதில் உறவினரின் தளம் போட்ட வீடே முதல் தேர்வு. அது ஆற்றோரத்திலோ ஏரிக்கரையிலோ இருக்கக் கூடாது. பெரிய மரமும் உயர்ந்த மதிலும் ஒட்டியிருக்கக் கூடாது. தரைத்தளத்தில் தண்ணீர் வந்தால் மாடிக்கு ஏற முடியுமா என்றும் பார்க்க வேண்டும். கரையோரத்தில் சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட பல்நோக்குப் பேரிடர் மையங்கள் காற்றைத் தாங்கக்கூடியவை, தூண்களின் மேல் உயர்த்தப்பட்டவை. அங்கே சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மழைக்கு முன்பே போய்ப் பார்த்து, குறை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் எழுத்தில் கொடுப்பது குடும்பங்கள் செய்யத் தவறும் எளிய காரியம்.

மருந்தும் மின்சாரமும்

'தானே'யின் அனுபவம் சொல்வது இதைத்தான்: கூரை பறந்த இரவைத் தாண்டிய முதியவர், மருந்துக்கடை திறக்காத இரண்டாவது வாரத்தில் விழலாம். இரத்த அழுத்த மருந்துகளில் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் கூடும். வலிப்பு மருந்து இரண்டு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை விடவே கூடாது. ஐப்பசி தொடங்கும்போது இரண்டு வார மருந்தாவது கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கும் அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது. வரும் தன்னார்வலரிடம் மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. அந்தத் தன்னார்வலருக்கு ஊரில் யார் யார் படுத்த படுக்கை என்பது தெரியும். வெளியேற்றும் வேளையில் வருவாய்த் துறை முதலில் கலந்து பேச வேண்டியவர் அவரே.

இன்சுலின் பற்றிப் பயம் மிகுதி. பயன்படுத்தத் தொடங்கிய குப்பி பெரும்பாலும் 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடாது. வகைக்கு வகை சற்று மாறும் என்பதால் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றுபோன குளிர்பதனப் பெட்டியைவிட, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் சிறு டப்பாவில் இருக்கும் இன்சுலின் பாதுகாப்பாக இருக்கும். பனிக்கட்டிமேல் நேரடியாக வைத்து உறையவிட்டால் அது பயனற்றுப் போகும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் நிலை வேறு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியவர் புயல் மஞ்சள் கட்டத்தில் இருக்கும்போதே மையத்தைக் கூப்பிட்டு முறையை முன்தள்ளிக்கொள்ள வேண்டும். பாதை அடைபட்ட நாட்களில் நீரையும் உப்பையும் குறைத்து, பொட்டாசியம் மிகுந்த இளநீரையும் வாழைப்பழத்தையும் தவிர்க்க வேண்டும். உபசரிப்பாக இளநீர் கொடுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. ஆக்சிஜன் கருவியையோ சளி உறிஞ்சும் கருவியையோ நம்பியிருப்பவரை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குப் புகலிடம் மருத்துவமனைதான்: கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை அல்லது அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே போவதும் காற்று தொடங்கும் முன்பே. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னல் அருகிலோ ஓட்டினால் மணமில்லாத நச்சு வாயு உறங்குபவர்களைக் கொல்லும்.

எடுத்துப் போகும் பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இறுக மூடும் டப்பாவில் மருந்து. அதோடு நோயின் பெயர், மருந்தின் பெயர், வேளை, ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி எண்கள் எழுதிய தாள். எழுத்து பெரியதாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கண்ணாடி, பல்செட்டின் டப்பா, காதுக் கருவியின் மின்கலம், கைத்தடி, பிடிப்புள்ள செருப்பு, ஒரு போர்வை. வெந்நீர் இல்லாமலே சாப்பிடக்கூடிய அவலும் பொட்டுக்கடலையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் நகல். மூலத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு முன்பே அனுப்பிவிடலாம். ஏ.டி.எம். இயங்காது என்பதால் சில்லறையாகப் பணம்.

மறதி நோய் உள்ளவருக்கு முகாம் மிகவும் கொடியது. புது இடம், இரவு விளக்கு, அந்நியர் குரல் எல்லாம் சேர்ந்து அவரைக் குழப்பும்; நள்ளிரவில் வீட்டைத் தேடி வெளியே நடந்துவிடுவார். அவரோடு தெரிந்த முகம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். சட்டைப் பையிலோ புடவை முந்தானையிலோ பெயரும் எண்ணும் எழுதிய துணித்துண்டைத் தைத்துவிட வேண்டும்.

தண்ணீர் வடிந்த பின்

2016-இல் ஜப்பானின் குமாமோட்டோ நிலநடுக்கத்தில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். அதன்பின் முகாம்களிலும் வண்டிகளிலும் வீடுகளிலும் களைப்பாலும் நோயாலும் இறந்தவர்கள் 200-க்கும் மேல், பெரும்பாலோர் முதியவர்கள். அந்த நாடு இவற்றைப் பேரிடர் சார்ந்த மரணங்களாகத் தனியே கணக்கெடுத்து இழப்பீடும் தருகிறது. 2017-இல் போர்ட்டோ ரிக்கோவில் 'மரியா' சூறாவளிக்கு 64 பேர் பலி என்று முதலில் சொன்னார்கள்; மின்சாரமற்ற மாதங்களில் கூடுதலாக இறந்தவர்களையும் ஆராய்ந்தபோது எண்ணிக்கை 2,975 என்று திருத்தப்பட்டது. 'தானே'க்குப் பிந்திய வாரங்களில் கடலூர் கிராமங்களில் இறந்த முதியவர்களை இப்படி யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நிவாரணத்தின் முறையே மாறியிருக்கும் என்று கருத இடமிருக்கிறது.

வீடு திரும்பும் நாளில் முதியவர் முதலில் நுழையக் கூடாது. சேறு படிந்த தரையில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அவர் மறுபடி நடப்பது அரிது. நனைந்த மூட்டைக்குள்ளும் அடுப்படியிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். கிணற்று நீரைக் குளோரின் இட்ட பின்பே புழங்க வேண்டும். சேற்றில் நடந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலா என்று உடனே பார்க்க வேண்டும். பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிடுபவரையும் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டு வளர்த்த பலா மரம் சாய்ந்ததை இழப்பீட்டுத் தொகை ஆற்றாது.

மழைக்காலம் முடிந்தாலும் ஓய்வில்லை; வெயிலும் பேரிடரே. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்தது. கரையோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது. கத்திரி வெயில் நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே தனியாக இருக்கும் முதியவரைப் பகலில் இருமுறை எட்டிப் பார்ப்பதே முதல் மருந்து.

பட்டியல்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைத்து, ஆபத்து நேரத்தில் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் மாதிரி விதிகள் தனித்து வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையங்கள் வைத்திருக்கச் சொல்கின்றன. ஜப்பான் 2013-இல் சட்டத்தைத் திருத்தி, உதவியின்றி வெளியேற முடியாதவர்களின் பட்டியலை உள்ளாட்சிகளுக்குக் கட்டாயமாக்கியது. 2021-இல் ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுத முயல வேண்டும் என்றும் சேர்த்தது. கடலூர் மாவட்டத்தில் முதியோர் உதவித்தொகை பெறுவோர் பட்டியல் வருவாய்த் துறையிடமும், வீட்டில் மருந்து பெறுவோர் பட்டியல் சுகாதாரத் துறையிடமும், குடும்ப அட்டை விவரம் நியாயவிலைக் கடையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றையும் ஊர்வாரியாக ஒன்றாக்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கப்போகும் இருவரின் பெயரை எழுதுவது ஒரு கிராமசபைக் கூட்டத்தில் முடியக்கூடிய வேலை. அக்டோபர் 2 கிராமசபை வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்பே வருகிறது. ஆடி, ஆவணியில் வெள்ளம் வரும் கொள்ளிடத்துத் திட்டு ஊர்களுக்கு மே 1 கூட்டம் பொருந்தும்.

அரசு எழுதும் வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாவட்டத்துக்கு வெளியிலிருந்து கூப்பிடுபவர் முன்னால் கடலூரின் 04142 குறியீட்டைச் சேர்க்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர ஊர்தி 108, முதியோர் உதவி எண் 14567. இந்த எண்களும் அந்த இருவரின் எண்களும் பெரிய எழுத்தில், தண்ணீர் எட்டாத உயரத்தில், முதியவரின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இந்த வாரமே ஒட்டப்பட வேண்டும்.